இன்டெக்ஸ்: சுட்டெண்ணா, சுட்டா?

வரிசையாக அடுக்கிய தரவில் எது வேண்டும் என்று காட்ட, சதுர அடைப்புக்குறிக்குள் நாம் எழுதுவதுதான் இன்டெக்ஸ். தமிழில் சுட்டெண் என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் புள்ளியியலுக்கென்றே உருவான ஆர் (R) என்ற கணினி மொழியில் வேலை செய்கிறவர்களுக்கு இது கொஞ்சம் இறுக்கமான சட்டை.

லத்தீனில் இன்டெக்ஸ் என்றால் ஆள்காட்டி விரல். துப்புக் கொடுப்பவன் என்ற பொருளும் அங்கே உண்டு. நம் சுட்டுவிரலும் செய்கிற வேலையால் பெயர் பெற்றதுதான். இலக்கணத்தில் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள். (அதில் உகரச் சுட்டை நாம் விட்டுவிட்டோம், யாழ்ப்பாணத்தில் ‘உது’ இன்னும் பேச்சில் இருக்கிறது.) புத்தகத்தின் கடைசியில் வரும் இன்டெக்ஸ் சொல்லடைவு, விலைவாசியை அளப்பது குறியீட்டெண். அவற்றை இங்கே கலக்க வேண்டாம்.

ஆர் மொழி, பெல் ஆய்வகத்தில் 1976இல் தொடங்கிய எஸ் மொழியின் வாரிசு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கியது. கணிதத்தில் எழுத்தின் காலடியில் போடும் சிற்றெண் போல இதில் எண்ணிக்கை 1இல் தொடங்கும். சி மொழியில் 0இல் தொடங்குவதற்குக் காரணம், அங்கே அது தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு.

திங்கள் முதல் வெள்ளி வரை பதிவான வெப்பநிலையை வெயில் என்ற வரிசையில் வைப்போம்: 38, 41, 39, 42, 37. வெயில்[1] என்றால் 38. வெயில்[0] என்று கேட்டால் பிழைச்செய்தி வராது, வெற்று வரிசை வரும். வெயில்[9] என்றாலும் திட்டாது. விடுபட்ட மதிப்பு என்று என்.ஏ. (NA) போட்டுக் கொடுத்துவிடும். வெயில்[-1]தான் பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழியிலிருந்து வருகிறவர்களைக் கவிழ்க்கும். அங்கே அது கடைசி உறுப்பு. இங்கே முதல் உறுப்பை விட்டுவிட்டு மற்றதெல்லாம்.

நிரையும் (கிடைவரிசை) நிரலும் (நெடுவரிசை) கொண்ட அணி என்றால் இரண்டு சுட்டெண்கள், முதலில் நிரை, அப்புறம் நிரல். ஒன்றை மட்டும் கொடுத்தால் ஆர் மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக எண்ணும். மூன்று நிரை உள்ள அணியில் ஐந்தாவது என்பது இரண்டாம் நிரலின் இரண்டாம் நிரை. (ப்ரோகிராமையும் நிரல் என்கிறோம், நெடுவரிசையையும் நிரல் என்கிறோம். இது தனி வழக்கு.)

இதுவரை சுட்டெண் என்ற பெயர் சரிதான். ஆனால் வெயில்[வெயில் > 40] என்று எழுதும்போது அடைப்புக்குள் இருப்பது எண் இல்லை. பொய், மெய், பொய், மெய், பொய் என்ற ஐந்து விடைகள். மெய் இருக்கும் இடங்களிலிருந்து 41, 42 வரும். உறுப்புகளுக்குக் கிழமைப் பெயர் சூட்டியிருந்தால் வெயில்["செவ்வாய்"] என்றும் கேட்கலாம். அதுவும் எண் இல்லை. அதனால் அடைப்புக்குள் வரும் எதற்கும் ‘சுட்டு’ என்று பொதுப்பெயர் வைத்து, எண்ணாக இருந்தால் மட்டும் சுட்டெண் என்பதே என் கட்சி. மெய்-பொய்ச் சுட்டு, பெயர்ச்சுட்டு என்று மற்றவற்றுக்கும் எளிதாகப் பெயர் கிடைத்துவிடும்.

பெயரைப் பிரித்து வைத்தால் ஒரு பொறியும் கண்ணில் படும். 45க்கு மேற்பட்ட பதிவுகளை நீக்க வேண்டும் என்று வையுங்கள். விச் (which) என்ற செயற்கூறு நிபந்தனைக்குப் பொருந்தும் இடங்களின் சுட்டெண்களைத் தரும். அதன் முன் கழித்தல் குறி போட்டால் அவை போய்விடும் என்று பலரும் எழுதுவார்கள். நம் வரிசையில் 45ஐத் தாண்டியது எதுவுமில்லை. விச் வெறுங்கையோடு திரும்பும். வெற்றுக்குக் கழித்தல் குறி போட்டாலும் வெற்றுதான். எதையும் நீக்காதே என்று நாம் நினைத்தது, எதையும் எடுக்காதே என்றாகி ஐந்து பதிவும் காணாமல் போகும், ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல். விச்சை விட்டுவிட்டு, வெயில்[வெயில் <= 45] என்று மெய்-பொய்ச் சுட்டாகவே எழுதினால் ஐந்தும் பத்திரமாக இருக்கும்.