அகலமான ரிங்க்கில் கோல் குறைவது ஏன்?

ஜனவரியில் காந்தல் மைதானத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில் நான் எழுந்து ஐஸ் ஹாக்கி பார்ப்பேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணிக்கு ஆட்டம் என்றால் ஊட்டியில் விடிகாலை 5.30. அது வட அமெரிக்கத் தொழில்முறை லீக் ஆட்டம், என்எச்எல். அப்புறம் மே மாதம், சீசன் கூட்டம் ஊரை அடைத்துக்கொண்டிருக்கும்போது உலக சாம்பியன்ஷிப் வரும், ஐரோப்பாவில் நடந்தால் நமக்கு இரவு ஆட்டம். அணிக்கு அதே ஆறு பேர், பந்துக்குப் பதில் அதே ரப்பர் வட்டு, அதாவது பக், அதே 1.83 மீட்டர் அகல கோல். ஆனாலும் ரொம்ப நாளாக இரண்டும் வேறு வேறு விளையாட்டு மாதிரியே எனக்குத் தெரிந்தன.

விதிகளில் வித்தியாசம் உண்டு. என்எச்எல்லில் கைகலப்புக்கு 5 நிமிடம் வெளியே உட்கார்ந்தால் போதும், சர்வதேச ஆட்டத்தில் அவருக்கு அன்றைய ஆட்டமே முடிந்தது. ஆனால் பெரிய காரணம் அதுவல்ல, ரிங்க்கின், அதாவது பனித்தரை ஆடுகளத்தின், அகலம்தான். இரண்டும் நீளத்தில் கிட்டத்தட்ட 60 மீட்டர். என்எச்எல் ரிங்க் 26 மீட்டர் அகலம், பழைய சர்வதேச ரிங்க் 30 மீட்டர். பக்கத்துக்கு 2 மீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மொத்தப் பரப்பில் அது 240 சதுர மீட்டர். கோல்கீப்பர்களை விட்டுவிட்டு பத்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 24 சதுர மீட்டர், ஒரு பெரிய ஹால் அளவு இடம் கூடுதலாகக் கிடைக்கிறது.

நேரமாகவும் இதைப் பார்க்கலாம். நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வரும் தடுப்பாட்டக்காரருக்கு அந்த 2 மீட்டரைக் கடக்க கால் நொடி ஆகும். நொடிக்கு 20 மீட்டரில் போகும் ஒரு பாஸ் அந்தக் கால் நொடியில் 5 மீட்டர் நகர்ந்துவிடும், அதாவது அவர் மோத வரும்போது பக் அங்கே இருக்காது. குறுகிய ரிங்க்கில் சுற்றியிருக்கும் பலகைச் சுவரே இன்னொரு தடுப்பாட்டக்காரர் மாதிரி. எதிராளியைச் சுவரோரம் ஒதுக்கி, தோளால் மோதி பக்கைப் பிடுங்கலாம். அகலமான ரிங்க்கில் அப்படி ஒதுக்கப் போனால் நடுவில் ஓட்டை விழும்.

குன்னூர் எஸ்டேட்டில் இருக்கும் என் சித்தி மகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா பெரிய ரிங்க்ல கோல் நிறைய விழணுமே அக்கா?" என்றான். நியாயமான கேள்வி, நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். விடை கோணத்தில் இருக்கிறது. கோல் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி நேர் எதிரே நின்றால் கோல் சுமார் 10 டிகிரி அகலமாகத் தெரியும். அதே 10 மீட்டர் தூரத்தில் குறுகிய ரிங்க்கின் சுவரோரம் போய் நின்றால் 4 டிகிரிதான், அகலமான ரிங்க்கின் சுவரோரம் என்றால் 3 டிகிரிதான். கூடுதல் இடம் முழுக்க, கோல் போட உதவாத ஓரத்தில்தான் கிடைக்கிறது. அவனுக்கு லைன் வீட்டுச் சந்து கிரிக்கெட்டைச் சொன்னதும் புரிந்துவிட்டது: ஸ்டம்புக்கு நேரான அந்த இடம் மட்டும்தான் ஆபத்து, பக்கத்தில் எவ்வளவு தேயிலைச் சரிவு இருந்தால் என்ன? தடுப்பவர்கள் ஓரத்தை விட்டுக்கொடுத்து நடுவில் குவிந்து நிற்பார்கள். எதிரணி சுற்றிச் சுற்றி பாஸ் செய்யும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நடுவில் நுழைய வழி கிடைக்காது.

கனடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக் என்எச்எல் அளவு ரிங்க்கில் நடந்தது, கனடா 7 ஆட்டங்களில் 35 கோல் போட்டது. 2014 சோச்சி 30 மீட்டர் அகலம், அங்கே 6 ஆட்டங்களில் 17 கோல்தான். இரண்டு அணியிலும் என்எச்எல் ஆட்கள், இரண்டு முறையும் தங்கம். சோச்சியில் அவர்கள் வாங்கிய கோல் மொத்தம் 3! சரி, ஒரே அணி, சில ஆட்டங்கள், இதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்தால் நடுவில் குவிந்து நிற்கும் தடுப்பு கண்ணுக்கே தெரியும்.

இப்படிச் சொன்னாலும் அகலமான ரிங்க்தான் எனக்குப் பிடிக்கும். காரணம் 1972. கனடாவும் சோவியத் யூனியனும் மோதிய 8 ஆட்டத் தொடரின் முதல் ஆட்டம் மாண்ட்ரியலில், கனடாக்காரர்களுக்குப் பழகிய குறுகிய ரிங்க்கில் நடந்தது. சோவியத் அணி 7-3 என்று ஜெயித்தது. அகலமான ரிங்க்கில் வளர்ந்தவர்கள், பக் இல்லாதபோதும் இடம் தேடி ஓடியே பழகியவர்கள், குறுகிய இடத்திலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தொடரைக் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கனடா வென்றது, ஆனால் அதற்குப் பிறகு பாஸ் ஆட்டத்தை வட அமெரிக்காவில் யாரும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கை என்எச்எல் அளவு ரிங்க்கிலேயே நடத்தினார்கள். வேகம் கூடியது, கோல் முன்னால் நெரிசலும் கூடியது, பரபரப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் மே மாத இரவுகளில் ஓரமாக வளைந்து வரும் அந்த நீண்ட ஓட்டத்தைத் தேடியபடிதான் டிவி முன்னால் உட்காருகிறேன்.