ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்? ஜாவா வலைச் செயலிகளில் டிபென்டென்சி இன்ஜெக்ஷன் பிழைகளைத் தேடும் முறை

ஃபீல்டுக்கு மேலே ஆட்டோவயர்டு என்ற அனோட்டேஷன் இருக்கிறது, அதாவது ‘இதற்கான ஆப்ஜெக்டை நீயே நிரப்பு’ என்று ஃப்ரேம்வொர்க்கிடம் கேட்கும் குறி. கம்பைல் ஆகிறது, சர்வரும் சிக்கலில்லாமல் எழுகிறது. முதல் ரிக்வெஸ்ட் வந்தவுடன் அதே ஃபீல்டைத் தொடும் வரியில் நல்-பாயின்டர் எக்செப்ஷன். ஜாவாவில் வலைச் செயலி எழுதும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவுடன் கை தானாக அனோட்டேஷன் பக்கம் போகும்: ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவோம், மேலும் இரண்டைச் சேர்ப்போம், எப்படியோ ஓடினால் விட்டுவிடுவோம். அந்த வேலையில் இறங்கும் முன் ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும். இந்த ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்? ஆப்ஜெக்டுகளை உருவாக்கி இணைத்துத் தரும் ஃப்ரேம்வொர்க்கின் கன்டெய்னரா, வேறு யாராவதா?

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது கன்டெய்னர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும். சாதாரண ஜாவாவில் ஆர்டர் சர்வீஸுக்கு பேமென்ட் சர்வீஸ் தேவை என்றால், அதுவே நியூ போட்டு ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். டிபென்டென்சி இன்ஜெக்ஷனில் அந்தப் பொறுப்பு வெளியே போய்விடுகிறது. தேவையை மட்டும் கிளாஸ் சொல்லும், கொண்டுவந்து கொடுப்பது கன்டெய்னர். இப்படிப்பட்ட கன்டெய்னரைக் கொண்ட ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் 1.0 வெளிவந்தது 2004-ல். இன்ஜெக்ட் என்ற பொது அனோட்டேஷன் 2009-ல் ஜே.எஸ்.ஆர். 330 என்ற ஜாவா தர ஆவணம் மூலம் தரநிலையானது, அதே ஆண்டு நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா இ.இ. 6 உடன் அதன் சொந்த இன்ஜெக்ஷன் தரநிலையான சி.டி.ஐ. வந்தது. பெயர்கள் மாறினாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

ஸ்பிரிங் எழும்போது, தேடச் சொன்ன பேக்கேஜுக்குள் இருக்கும் கிளாஸ் கோப்புகளை முதலில் படிக்கிறது. அவற்றை ஜே.வி.எம்.மில் ஏற்றாமல், பைட்கோடிலிருந்தே அனோட்டேஷன்களைப் பார்த்துவிடுகிறது. கம்போனென்ட், சர்வீஸ், கன்ட்ரோலர் என்று குறி இருந்தால் அந்த கிளாஸுக்கு ஒரு பீன் டெஃபினிஷன் எழுதி வைத்துக்கொள்கிறது (கன்டெய்னர் பராமரிக்கும் ஆப்ஜெக்டுக்குப் பெயர்தான் பீன்). எந்த கிளாஸ், என்ன பெயர், எந்த ஸ்கோப் (எவ்வளவு காலம் வாழும்) என்ற குறிப்பு அது. இன்னும் ஆப்ஜெக்ட் எதுவும் பிறக்கவில்லை. அடுத்த கட்டத்தில், எதற்கு எது தேவை என்று பார்த்து ஒவ்வொன்றாக உருவாக்குகிறது. உருவான ஆப்ஜெக்டை போஸ்ட் பிராசஸர்கள் வாங்கி, ஆட்டோவயர்டு குறி உள்ள ஃபீல்டுகளை ரிஃப்ளெக்ஷன் (ஓடும் நேரத்தில் கிளாஸின் உள்ளே கை வைக்கும் ஜாவா வசதி) மூலம் நிரப்புகின்றன. டிரான்சாக்ஷன் போன்ற வசதி கேட்டிருந்தால் கடைசியில் அதன் மேல் ஒரு ப்ராக்சியை, அதாவது அழைப்புகளை இடையில் வாங்கும் பதிலி ஆப்ஜெக்டை, போர்த்தி, அந்த ப்ராக்சியைத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்கிறது.

அனோட்டேஷன் தானாக எதையும் செய்வதில்லை என்பது இதிலிருந்து தெரியும். அதைப் படித்து வேலை செய்ய ஒரு ஆள் வேண்டும். கன்டெய்னரின் கைக்கே வராத ஆப்ஜெக்டில் எத்தனை அனோட்டேஷன் இருந்தாலும் ஃபீல்டு காலியாகத்தான் இருக்கும்.

சர்வர் எழும்போதே எக்செப்ஷன் வந்து நின்றுவிட்டால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். கன்டெய்னர் உங்கள் கிளாஸைப் பார்த்திருக்கிறது, தேவையைப் புரிந்துகொண்டிருக்கிறது, கொடுக்கத்தான் முடியவில்லை. ஸ்டாக் ட்ரேஸ் பல பக்கம் நீளும், பயப்பட வேண்டாம். மேலே இருக்கும் அன்சாட்டிஸ்ஃபைடு டிபென்டென்சி எக்செப்ஷன்கள் எல்லாம் ஒன்றை ஒன்று சுமந்து வந்தவை. ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசி வரிக்குப் போங்கள். அங்கே நோ-சச்-பீன்-டெஃபினிஷன் என்று இருந்தால், எந்த டைப்பைத் தேடினேன் என்பதையும் அதே வரி சொல்லும். அந்தப் பெயரை பேக்கேஜோடு சேர்த்து முழுமையாகப் படியுங்கள். பல நேரம் விடை அங்கேயே இருக்கும்.

எடுத்துக்காட்டாக, ஸ்பிரிங்கைத் தயார் அமைப்புகளோடு தரும் ஸ்பிரிங் பூட்டில் எழுதிய செயலியின் மெயின் கிளாஸ் ‘காம்.டெமோ.வெப்’ பேக்கேஜில் இருக்கிறது, ரிப்பாசிட்டரி ‘காம்.டெமோ.டேட்டா’வில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேடல் மெயின் கிளாஸ் இருக்கும் பேக்கேஜில் தொடங்கி அதற்குக் கீழே மட்டும்தான் போகும். பக்கத்துப் பேக்கேஜ் அதன் கண்ணில் படாது. மெயின் கிளாஸை ஒரு படி மேலே ‘காம்.டெமோ’வுக்கு ஏற்றினால் போதும். இதே எக்செப்ஷனுக்கு வேறு காரணங்களும் உண்டு: அனோட்டேஷனை இம்ப்ளிமென்டேஷனில் போடாமல் இன்டர்ஃபேஸில் போட்டது, ப்ரொஃபைல் (சூழலுக்கேற்ற அமைப்புத் தொகுப்பு) அணைந்திருப்பது, ஆட்டோ கான்ஃபிகரேஷனின் நிபந்தனை பொருந்தாமல் போனது. கடைசிக் காரணத்தை ஊகித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. டீபக் கொடியோடு செயலியை ஓட்டினால், எந்த நிபந்தனை பொருந்தியது, எது பொருந்தவில்லை, ஏன் என்ற முழு அறிக்கையையும் ஸ்பிரிங் பூட் அச்சிடும். செயலி ஓடிக்கொண்டிருந்தால், ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்புப் பகுதியான ஆக்சுவேட்டரில் பீன்ஸ் என்ற முகவரியைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் பீன்களின் பட்டியலையே பார்க்கலாம்.

ஒரே டைப்பில் இரண்டு பீன் இருந்தால் நோ-யூனிக்-பீன் என்று வரும். எது முதன்மை என்று சொல்லும் பிரைமரி, அல்லது பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும் குவாலிஃபையர் போட்டுத் தீர்த்துவிடலாம். இதில் கவனிக்க ஒன்று உண்டு. இரண்டு பீன் இருக்கும்போது ஃபீல்டு அல்லது பாராமீட்டரின் பெயர் ஒரு பீனின் பெயரோடு பொருந்தினால், ஸ்பிரிங் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால் யாரோ வேரியபிள் பெயரை அழகுபடுத்தியதற்கே சர்வர் எழாமல் போகலாம். ஸ்பிரிங் 6.1-லிருந்து பாராமீட்டர் பெயர் தெரிய வேண்டுமானால், கம்பைல் செய்யும்போது ‘பாராமீட்டர்ஸ்’ கொடி கட்டாயம் வேண்டும். வெர்ஷனை உயர்த்திய அன்று இந்தப் பிழை புதிதாக முளைத்தால் அங்கே பாருங்கள்.

இனி காலி ஃபீல்டுக்கு வருவோம். எக்செப்ஷனை விட இது மோசம், ஏனென்றால் கன்டெய்னர் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்காது. ஆப்ஜெக்டை உருவாக்கியவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக நம்பகமான வழி, அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு பிரேக்பாயின்ட் வைப்பது. கன்ஸ்ட்ரக்டரே எழுதவில்லை என்றால் காலியாக ஒன்றை எழுதி அதில் வையுங்கள். செயலி அங்கே நின்றதும் கால் ஸ்டாக்கைப் பாருங்கள். உங்கள் ஃபிரேமுக்குக் கீழே ரிஃப்ளெக்ஷனும் அதற்குக் கீழே பீன் ஃபேக்டரியும் தெரிந்தால் கன்டெய்னர் உருவாக்கியிருக்கிறது. கீழே உங்கள் சொந்தக் கோடே தெரிந்தால் யாரோ நியூ போட்டிருக்கிறார்கள், அந்த வரியும் கண்முன் இருக்கும். டாம்கேட் என்ற வெப் சர்வரின் கிளாஸ்கள் தெரிந்தால் அந்த சர்வ்லெட்டையோ ஃபில்டரையோ லிசனரையோ சர்வ்லெட் கன்டெய்னர் உருவாக்கியிருக்கிறது. ஸ்பிரிங்குக்கு அதைப் பற்றித் தெரியாது. ஜாக்சனின் கிளாஸ்கள் தெரிந்தால் ஜேசானிலிருந்து பிறந்த ஆப்ஜெக்ட், ஹைபர்னேட் தெரிந்தால் டேட்டாபேஸ் வரிசையிலிருந்து பிறந்த என்டிட்டி. எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்பது அதிலேயே முடிவாகிவிடும். ஃபில்டரை டெலிகேட்டிங் ஃபில்டர் ப்ராக்சி வழியாக ஸ்பிரிங்கிடம் ஒப்படைக்கலாம். என்டிட்டிக்குள் சர்வீஸை இன்ஜெக்ட் செய்யும் எண்ணத்தை விட்டுவிட்டு, அந்த வேலையைச் சர்வீஸ் பக்கம் நகர்த்துவதே நல்லது.

கன்டெய்னர்தான் உருவாக்கியது, ஆனாலும் ஃபீல்டு காலி. இப்படியும் நடக்கும். கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே அந்த ஃபீல்டைப் பயன்படுத்தினால் காலியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஃபீல்டு நிரப்பும் வேலை கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகே தொடங்குகிறது. இன்ஜெக்ஷன் முடிந்ததும் ஓடும் போஸ்ட்-கன்ஸ்ட்ரக்ட் மெத்தட் இருப்பது இதற்காகவே. ஸ்டாட்டிக் ஃபீல்டை ஸ்பிரிங் நிரப்பாது. லாகில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடும்.

இவற்றைவிட ஆளைச் சுற்றவிடுவது ஃபைனல் மெத்தட். டிரான்சாக்ஷன் கேட்ட கிளாஸுக்கு ஸ்பிரிங் பூட் சிஜிலிப் என்ற நூலகத்தின் மூலம் ஒரு சப்கிளாஸ் உருவாக்கி அதை ப்ராக்சியாக வைக்கிறது. அழைப்பு ப்ராக்சிக்கு வரும், அது டிரான்சாக்ஷனைத் தொடங்கி, உண்மையான ஆப்ஜெக்டின் மெத்தடை அழைக்கும். ஆனால் ஃபைனல் மெத்தடை சப்கிளாஸ் மாற்றி எழுத முடியாது. அதனால் அந்த மெத்தட் ப்ராக்சியின் மீதே ஓடுகிறது. அந்த ப்ராக்சியோ பொதுவாகக் கன்ஸ்ட்ரக்டரை அழைக்காமல் ஆப்ஜெனிசிஸ் நூலகத்தின் வழியாகப் பிறந்தது. அதில் இன்ஜெக்ஷனும் நடக்கவில்லை, ஃபீல்டு இனிஷியலைசர்களும் ஓடவில்லை. அறிவிக்கும் வரியிலேயே மதிப்புக் கொடுத்த, ஸ்டாட்டிக் அல்லாத லாகர் ஃபீல்டு கூட அங்கே காலி! இன்ஜெக்ஷனுக்குச் சம்பந்தமே இல்லாத ஃபீல்டும் சேர்ந்து காலியாக இருக்கிறது என்றால், நீங்கள் நிற்பது ப்ராக்சிக்குள் என்று எடுத்துக்கொள்ளலாம். டீபக்கரில் ‘திஸ்’ எந்த கிளாஸ் என்று பாருங்கள். பெயரின் வாலில் இரண்டு டாலர் குறியும் சிஜிலிப் என்ற சொல்லும் ஒட்டியிருந்தால் உறுதி. ஃபைனலை எடுத்துவிட்டால் பிரச்சினை போய்விடும். ஒரு கிளாஸ் தன் சொந்த மெத்தடை ‘திஸ்’ வழியாக அழைக்கும்போது டிரான்சாக்ஷன் தொடங்காததும் இதே குடும்பத்துப் பிழைதான்: அந்த அழைப்பு ப்ராக்சியைத் தொடாமலேயே போய்விடுகிறது.

வெப்.எக்ஸ்எம்எல் வைத்த பழைய ஸ்பிரிங் செயலிகளில் இன்னொரு வகை உண்டு. அங்கே பெரும்பாலும் இரண்டு கன்டெக்ஸ்ட், அதாவது இரண்டு ஸ்பிரிங் கன்டெய்னர் இருக்கும்: கன்டெக்ஸ்ட் லோடர் லிசனர் உருவாக்கும் ரூட், டிஸ்பாட்சர் சர்வ்லெட் உருவாக்கும் குழந்தை. குழந்தைக்கு ரூட்டில் இருப்பது தெரியும். ரூட்டுக்குக் குழந்தையில் இருப்பது தெரியாது. கன்ட்ரோலர் பக்கத்து கான்ஃபிகரேஷன் மொத்த பேக்கேஜையும் தேடச் சொன்னால், சர்வீஸ்கள் இரண்டு இடத்திலும் ஒவ்வொன்று பிறக்கும். டிரான்சாக்ஷன் அமைப்பு ரூட்டில் மட்டும் இருந்தால், கன்ட்ரோலருக்குக் கிடைப்பது குழந்தையில் பிறந்த, ப்ராக்சி இல்லாத சர்வீஸ். எக்செப்ஷன் வராது, ஃபீல்டும் காலியாக இருக்காது. பிழை நேர்ந்தும் டேட்டா ரோல்பேக் ஆகாமல் நிற்கும். இதையும் கன்ஸ்ட்ரக்டர் பிரேக்பாயின்ட் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அது ஒருமுறைக்குப் பதில் இருமுறை நிற்கும்.

அண்மைக் காலத்தில் அதிகம் பார்ப்பது ஜாவாஎக்ஸ், ஜகார்த்தா குழப்பம். ஜாவா இ.இ. எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போன பின், 2020-ல் வந்த ஜகார்த்தா இ.இ. 9-ல் பேக்கேஜ் பெயர்கள் ‘ஜாவாஎக்ஸ்’ என்பதிலிருந்து ‘ஜகார்த்தா’வுக்கு மாறின. புதிய சர்வரின் சி.டி.ஐ. கன்டெய்னர் ஜகார்த்தாவின் இன்ஜெக்டை மட்டுமே தேடும். பழைய ஜார் ஏதாவது வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டரில் கிடந்தால், பழைய இம்போர்ட்டோடு எழுதிய கிளாஸ் நன்றாகவே கம்பைல் ஆகும், ஓடும், எந்தப் புகாரும் வராது. கன்டெய்னருக்கு அந்த அனோட்டேஷன் முன்பின் தெரியாத ஒன்று, அவ்வளவுதான். ஓடும் நேரத்தில் அந்த ஜாரே இல்லாவிட்டாலும் நிலைமை மாறாது: அனோட்டேஷனின் கிளாஸ் கிடைக்காவிட்டால் ஜே.வி.எம். சத்தமில்லாமல் அதை ஒதுக்கிவிடும். ஆகவே இம்போர்ட் வரிகளைக் கண்ணால் பாருங்கள், ஐ.டி.இ. அவற்றை மடித்து மறைத்து வைத்திருக்கும். சி.டி.ஐ. 4.0-ல் இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு காலியான பீன்ஸ்.எக்ஸ்எம்எல் இருந்தாலே எல்லா கிளாஸும் பீனாகும். இப்போது ஸ்கோப் போன்ற குறி உள்ளவை மட்டுமே ஆகும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், ஃபீல்டு இன்ஜெக்ஷனை விட்டுவிட்டுக் கன்ஸ்ட்ரக்டர் இன்ஜெக்ஷனுக்கு மாறுங்கள் என்றே சொல்வேன். தேவையானதைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு, ஃபீல்டை ஃபைனலாக வையுங்கள். ஸ்பிரிங் 4.3-லிருந்து ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஆட்டோவயர்டு கூட எழுத வேண்டாம். யாராவது நியூ போட முயன்றால் ‘பேமென்ட் சர்வீஸ் எங்கே?’ என்று கம்பைலரே கேட்டுவிடும். டெஸ்ட் எழுதக் கன்டெய்னரே தேவைப்படாது.

மாறத் தொடங்கியதும் சில செயலிகளில் ஒரு புதிய பிழை எழும்: ஆர்டர் சர்வீஸுக்கு பேமென்ட் சர்வீஸ் வேண்டும், பேமென்ட் சர்வீஸுக்கு ஆர்டர் சர்வீஸ் வேண்டும், யாரையும் முதலில் உருவாக்க முடியவில்லை. ஃபீல்டு இன்ஜெக்ஷனில் பாதி உருவான ஆப்ஜெக்டைக் கொடுத்து ஸ்பிரிங் இதை மறைத்து வந்தது. 2021-ல் வந்த ஸ்பிரிங் பூட் 2.6-லிருந்து இந்தச் சுழற்சி இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. தடையை நீக்க ஒரு ப்ராப்பர்ட்டி உண்டு, தேவைப்படும்போது மட்டும் உருவாக்கச் சொல்லும் லேசி என்ற அனோட்டேஷனும் உண்டு. அவற்றைத் தொடும் முன், இருவரும் ஒருவரிடம் ஒருவர் எந்த மெத்தடுக்காகப் போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மெத்தட்தான் இருக்கும். அவற்றை மூன்றாவது ஒரு கிளாஸுக்கு நகர்த்தி, இருவரும் அதைக் கேட்கும்படி செய்துவிட்டால் சர்வர் எழுந்துவிடும்.