வெற்றிடத்தில் மிதக்கும் கியூபிட்

குவாண்டம் கணினி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கூரையிலிருந்து சரவிளக்கைப் போலத் தொங்கும் பொன்னிறக் குழாய்களும் தட்டுகளும்தான். மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்திச் சுற்றுகளை, தனிச்சுழி எனப்படும் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு (சுமார் −273 டிகிரி செல்சியஸ்) மிக அருகே குளிர்விக்கும் இயந்திரம் அது. முற்றிலும் வேறான இன்னொரு வழியும் உண்டு: ஓர் அணுவிலிருந்து ஒரே ஓர் எலக்ட்ரானை நீக்கி, கிடைக்கும் அயனியை வெற்றிடத்தில் அந்தரத்தில் நிறுத்தி, அதையே கியூபிட்டாக, அதாவது 0, 1 என்ற இரு நிலைகளையும் ஏற்கும் குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகாகப் பயன்படுத்துவது. குவாண்டம் வன்பொருளைப் புரிந்துகொள்ள விரும்புவோர் அயனியை இப்படிச் சிறைப்பிடிக்கும் அயனிப் பொறியிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன். இங்கே நடப்பவற்றை ஒவ்வொரு படியாக மனக்கண்ணால் தொடர முடிகிறது.

முதல் சிக்கல், அயனியைப் பிடித்து வைப்பது. மாறாத மின்புலங்களை எப்படி அமைத்தாலும் அவற்றால் மட்டும் ஒரு மின்னேற்றத்தை நிலையாக நிறுத்த முடியாது என்று 1842இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஏர்ன்ஷா நிறுவியிருந்தார். குதிரைச் சேணத்தின் நடுவே ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் மேடாக இருப்பதால் அந்தப் பக்கம் போகாது. ஆனால் இரு பக்கவாட்டிலும் சரிவு என்பதால் உருண்டு விழுந்துவிடும். சேணத்தைத் தகுந்த வேகத்தில் சுழற்றினால் நிலைமை மாறுகிறது: குண்டு சரியத் தொடங்கும்போதே சரிவு இருந்த இடத்துக்கு மேடு வந்து அதை நடுவே தள்ளிவிடுகிறது. பொறியில் இந்த வேலையைச் செய்வது, மின்முனைகளுக்கு அளிக்கப்படும், விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறும் மின்னழுத்தம். இதை உருவாக்கிய ஜெர்மன் இயற்பியலாளர் வொல்ஃப்காங் பால் 1989இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தம் நோபல் உரையிலும் இந்தச் சுழலும் சேணத்தைக் கொண்டே பொறியை விளக்கினார்.

பிடிபட்ட அயனி முதலில் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது லேசர். அயனி உறிஞ்சக்கூடிய அதிர்வெண்ணைவிடச் சற்றே குறைவாக லேசர் அமைக்கப்படுகிறது. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்தொனியில் கேட்பதுபோல, லேசரை எதிர்த்து வரும் அயனிக்கு மட்டும் அந்த ஒளி சரியான அதிர்வெண்ணில் தெரிகிறது. அப்போது அது ஃபோட்டான்களை உறிஞ்சி, ஒவ்வொரு முறையும் சிறிது வேகத்தை இழக்கிறது. இவ்வாறு தனிச்சுழிக்கு மேல் ஒரு கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது குளிர்கிறது, பொறியின் சுவர்கள் அறை வெப்பநிலையிலேயே இருந்தாலும்கூட.

இட்டெர்பியம்-171 அயனியை எடுத்துக்கொள்வோம். அதன் தாழ்நிலையில், மிக நெருக்கமான இரு ஆற்றல் படிகள் 0, 1 ஆகின்றன. அவற்றுக்கு இடையிலான வேறுபாடு விநாடிக்குச் சுமார் 1,264 கோடி அலைவுகள் கொண்ட நுண்ணலைக்கு ஈடானது. மனிதர் வடிக்கும் சுற்றுகள் ஒன்றுக்கொன்று சிறிதேனும் மாறுபடும். ஆனால் ஓர் இட்டெர்பியம்-171 அயனி இன்னொன்றிலிருந்து எள்ளளவும் வேறுபடுவதில்லை. இந்த முறையின் தலையாய பலம் இதுவே.

இரு கியூபிட்டுகளை உரையாட வைப்பதில்தான் நுட்பத்தின் அழகு இருக்கிறது. வரிசையாக நிற்கும் அயனிகள் ஒன்றையொன்று விலக்குவதால், கண்ணுக்குத் தெரியாத சுருள்வில்களால் இணைத்தாற்போல, ஒன்றை அசைத்தால் வரிசை முழுவதும் அசைகிறது. இந்தக் கூட்டு அதிர்வையே தகவலைக் கடத்தும் பாலமாக்கலாம் என்று 1995இல் இயற்பியலாளர்கள் சிராக், சோலர் இருவரும் முன்மொழிந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் போல்டர் நகரில் மன்ரோ, வைன்லேண்ட் குழுவினர் ஒரே பெரிலியம் அயனியின் உள்நிலையையும் அதிர்வையும் இரு கியூபிட்டுகளாகக் கொண்டு அடிப்படைத் தருக்க வாயிலை, அதாவது கியூபிட்டுகளின் நிலையை மாற்றும் ஒரு கணிப்புப் படியை, செய்து காட்டினர். வைன்லேண்டுக்கு 2012இல் நோபல் கிடைத்தது.

விடையைப் படிப்பதற்கு மீண்டும் லேசர். அயனி ஒரு நிலையில் இருந்தால் லேசர் ஒளியை இடைவிடாது சிதறடித்து மின்னுகிறது. மற்ற நிலையில் இருந்தால் இருண்டே கிடக்கிறது. சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் புள்ளிகளாக நிற்கும் வரிசையைக் கேமரா படமெடுக்கும்போது, எங்கே ஒளி, எங்கே இருள் என்பதே கணக்கின் விடையாகிறது.

குறை வேகத்தில் இருக்கிறது. மீக்கடத்திச் சுற்றில் ஒரு வாயில் சில பத்து நானோவிநாடிகளில் முடியும். அயனிகளில் இரு கியூபிட் வாயிலுக்குப் பல பத்து மைக்ரோவிநாடிகளுக்கு மேல் ஆவது வழக்கம். வரிசை நீள நீள அதிர்வு வகைகள் பெருகி நெருங்குவதால், ஒன்றை மட்டும் தேர்ந்து இயக்குவதும் கடினமாகிறது. ஆகவே ஒரே நீண்ட வரிசைக்குப் பதிலாக, சிப்பின் மேல் பல அறைகளை அமைத்து, அயனிகளை மின்னழுத்தத்தால் அங்குமிங்கும் ஓட்டிச் செல்லும் திட்டத்தை 2002இல் கீல்பின்ஸ்கி, மன்ரோ, வைன்லேண்ட் ஆகியோர் வகுத்தனர். குவாண்டினியம் நிறுவனத்தின் பந்தயத் தடம் போன்ற ஹெச்2 பொறி 2023இல் 32 கியூபிட்டுகளுடன் தொடங்கி, அடுத்த ஆண்டே 56ஐ எட்டியது. அதில் இட்டெர்பியம் கியூபிட்டாகவும், உடன் பயணிக்கும் பேரியம் அயனி ஓட்டத்தில் ஏறும் சூட்டைத் தணிக்கும் துணையாகவும் இருந்தன. அதே நிறுவனம் 2025இல் கொண்டுவந்த 98 கியூபிட் ஹீலியோஸ் கணினியில் இந்தப் பொறுப்புகள் இடம் மாறிவிட்டன: பேரியத்துக்குக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியே போதும், இட்டெர்பியத்துக்கு வேண்டிய புறஊதா ஒளியைவிட அதைக் கையாள்வது கண்ணாடி இழைகளுக்கும் லென்சுகளுக்கும் எளிது.