பட்ஜெட் பயணியை ‘மலிவுப் பயணி’ என்னாதீர்கள்

பயணச் செயலியைத் தமிழுக்கு மாற்றினால் ‘பட்ஜெட் ஹோட்டல்’ என்பது ‘வரவுசெலவுத் திட்ட ஹோட்டல்’ என்று வருகிறது. கண்காட்சியில் கொடுக்கும் துண்டறிக்கையில் ‘வரவுசெலவுத் திட்டப் பயணிகளுக்கு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் படிப்பது வரவுசெலவுத் திட்டம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு தென் தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் பேருந்தில் ஏறும் இருபது வயதுப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன உறவு? இதை எடுத்துச் சொன்னால், திருத்த வருகிறவர்கள் உடனே ‘மலிவு’ என்று போட்டுவிடுகிறார்கள். முதல் பிழையைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது, சரியான சொல்லைப் போலவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் அதைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

‘பட்ஜெட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை சிறியது. லத்தீனில் ‘புல்கா’ என்றால் தோற்பை. அது பிரெஞ்சு வழியாகச் சிறு பை என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. அரசின் கணக்கை அமைச்சர் பையிலிருந்து எடுத்து விரிக்கிறார் என்ற உருவகத்தில் நிதித் திட்டத்துக்குப் பெயரானது. 1733இல் பிரிட்டிஷ் பிரதமர் வால்போலின் வரித் திட்டத்தைத் தாக்கி வந்த துண்டு நூலின் தலைப்பே ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்பதுதான். ‘குறைந்த செலவிலான’ என்ற பெயரடைப் பொருள் மிகவும் பிந்தியது. ஆக, மூலப்பொருள் நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைதான். பைக்குள் இருப்பதற்குள் முடித்துக்கொள்வது என்பதே கருத்து.

அந்தக் ‘குள்’தான் தமிழில் பட்ஜெட். சிங்கப்பூரின் தேக்காவில் புடவைக் கடைக்குப் போனால், “எவ்வளவுக்குள் பார்க்கிறீங்க?” என்றுதான் கேட்பார்கள். “நூறு வெள்ளிக்குள்” என்போம்; வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர். எந்த விற்பனையாளரும் உங்கள் வரவுசெலவுத் திட்டம் யாது என்று கேட்பதில்லை. ‘500 வெள்ளி வரவுசெலவுத் திட்டத்தில் தாய்லாந்து’ என்ற தலைப்பை ‘500 வெள்ளிக்குள் தாய்லாந்து’ என்று மாற்றிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் படிக்கலாம், பொருளும் துல்லியமாக இருக்கும்.

இனி மலிவுக்கு வருவோம். ‘மலிதல்’ என்றால் நிறைதல், பெருகுதல். சந்தையில் ஒரு பொருள் மலிந்து கிடந்தால் விலை இறங்கும். அப்படித்தான் மலிவு விலையைக் குறிக்க வந்தது. எனவே அது பொருளுக்கும் விலைக்கும் உரிய சொல். ‘மலிவுக் கட்டண விமானம்’ என்று நம் செய்திகளில் எழுதுவதில் குறையே இல்லை, ஏனென்றால் அங்கே மலிவாக இருப்பது கட்டணம். சாங்கி விமான நிலையத்தில் 2006இல் திறந்து 2012இல் மூடிய பட்ஜெட் முனையத்தை நினைத்துப் பாருங்கள். விமானத்தோடு இணைக்கும் நடைபாலம் அங்கே கிடையாது, பயணிகள் தளத்தில் நடந்துபோய்ப் படியேறினார்கள். வசதியைக் கழித்துக் கட்டணத்தைக் குறைத்த இடம் அது. அதற்கு மலிவு பொருந்தும்.

ஆளுக்குப் பொருந்தாது. ‘மலிவான விளம்பரம்’, ‘மலிவான புத்தி’ என்று மனிதரோடு சேர்ந்தவுடன் அந்தச் சொல் வசையாகிவிடுகிறது. ‘மலிவுப் பயணி’ என்று படிக்கும் இளைஞன் தன்னைத் தரம் குறைந்தவன் என்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

மரியாதை ஒருபுறம் இருக்கட்டும். ‘மலிவுப் பயணம்’ என்பது உண்மைக்கும் ஒத்துவராது. கட்டணம் மலிவாக இருந்தால் பயணமும் மலிவாகிவிடுமா? மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஸ்கூட்டின் சாதாரண வகுப்பில் கைப்பைக்கு 10 கிலோ, இன்னொன்றான ஏர்ஏஷியாவில் 7 கிலோ. இது பெரிய பை, சிறிய பை இரண்டுக்கும் சேர்த்த எடை. பலர் வீட்டில் முதுகுப்பையை மட்டும் தராசில் வைத்து 9.5 கிலோ என்று நிம்மதியாகக் கிளம்புகிறார்கள். மடிக்கணினிப் பை 2 கிலோ. முகப்பில் இரண்டையும் சேர்த்து வைத்தவுடன் வரம்பு தாண்டிவிடுகிறது. முன்கூட்டியே இணையத்தில் வாங்கியிருக்கக்கூடிய பயணப்பெட்டி எடையை விமான நிலையத்தில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியதாகிறது. மலிவுக் கட்டணத்தில் வாங்கிய டிக்கெட்தான்; பயணம் மலிவாக முடியவில்லை.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ரயிலில் ஐந்து நிமிடம், கட்டணம் 5 வெள்ளி. திரும்பி வரும்போது அதே இருக்கைக்கு 5 ரிங்கிட். எண் ஒன்று, நாணயம் வேறு. 170ஆம் எண் பேருந்து இதைவிட மலிவு. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை எல்லைப் பாலத்தில் நெரிசல் இறுகினால், மறுபுறம் பிடிக்க வேண்டிய இரவுப் பேருந்து போய்விடும், அந்த டிக்கெட் காசும் போய்விடும். அன்று முன்பதிவு செய்து ரயிலில் போகிறவர் அதிகம் கொடுக்கிறார். அவர்தான் சிக்கனக்காரர். மலிவும் சிக்கனமும் பிரியும் இடம் இதுதான்.

‘சிக்கனம்’ என்பது ‘சிக்கென’ என்பதன் உறவு. மாணிக்கவாசகர் ‘சிக்கெனப் பிடித்தேன்’ என்பது இறுகப் பற்றுதலை. பையின் வாயை இறுகப் பிடித்திருப்பவர் சிக்கனமானவர். தேவைப்பட்டால் திறக்கவும் அவருக்குத் தெரியும். இழிவு துளியும் இல்லாத சொல். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிக்கும். ஆயிரம் ஆயிரமாக மூன்று முறை எடுத்தால் மூன்று கட்டணம் போச்சு, ஒரே தடவை எடுத்தால் ஒன்றுதான். ‘சிங்கப்பூர் வெள்ளியில் கழிக்கவா?’ என்று திரை கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்திலேயே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுவிகிதத்திலும் இழப்பு. இதெல்லாம் ஒருவர் கற்றுக்கொள்ளும் நடத்தை. நடத்தைக்கு உரிய பெயர் சிக்கனம். ஆகவே சிக்கனப் பயணி, சிக்கனப் பயணம்.

‘செட்டு’ என்றும் ஒரு நல்ல சொல் உண்டு. ‘செட்டாகச் செலவு செய்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் ‘செட்டுப் பயணம்’ என்றால் இன்றைய காதில் ஆங்கிலச் ‘செட்’தான் விழும். தனித்தமிழ் என்பதற்காகப் புரியாததைத் திணிக்க வேண்டாம்.

பயணிகள் தங்கும் ஹாஸ்டலுக்கும் இதே கதி. ‘மலிவுத் தங்குவிடுதி’ என்கிறார்கள். சிங்கப்பூரில் தங்குவிடுதி என்றாலே வெளிநாட்டு ஊழியர் தங்கும் கட்டடம் நினைவுக்கு வருகிறது. பயணி தங்குமிடத்தின் தனித்தன்மை விலையில் இல்லை. அறைக்குப் பதிலாகக் கட்டிலை வாடகைக்கு விடுவதில் இருக்கிறது. அடுக்குக் கட்டில்கள் எட்டு உள்ள அறையில் ஒரு கட்டில், அதன் கீழே ஓர் இழுப்பறை, பூட்டு பெரும்பாலும் நாமே கொண்டுபோக வேண்டும். ‘கட்டில் விடுதி’ என்று சொன்னால் முதன்முறை போகிறவர்கூடப் பூட்டு எடுத்துவைப்பார்.

எல்லாவற்றையும்விட மோசமானது ‘வேலை விடுமுறை விசா’. தமிழில் வேலை விடுமுறை என்றால் வேலைக்கு விடுப்பு. ஆஸ்திரேலியா 18 முதல் 30 வயதுச் சிங்கப்பூரர்களுக்கும் கொடுக்கும் 462ஆம் பிரிவு விசாவோ, ஊர் சுற்றிக்கொண்டே பழத்தோட்டத்திலோ உணவகத்திலோ சம்பாதிக்கவும் அனுமதிப்பது. மொழிபெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் போட்டுப் பொருளைத் தலைகீழாக்கிவிட்டார். விண்ணப்பிக்கிற பிள்ளையின் பெற்றோர் அதைப் படித்துவிட்டு, “லீவு எடுத்துக்கொண்டா போகிறாய்?” என்று கேட்டால் தவறு அவர்கள் பக்கம் இல்லை. ‘உழைத்துச் சுற்றும் விசா’ என்று எழுதுங்கள். நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.