தாமதமாக உடைந்த கோப்பை

1904 ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று, நெதர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவரும் எழுத்தாளருமான ஃபிரெடெரிக் வான் ஈடன் தம் கனவில் ஒரு சன்னலின் எதிரே, மேசையருகில் நின்றுகொண்டிருந்தார். தாம் காண்பது கனவுதான் என்பது அவருக்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்தது. தெரிந்தபின் சும்மா இருக்க மனமில்லாமல், ஏதேனும் சோதனை செய்து பார்க்கலாம் என்று எண்ணி, சிறு கண்ணாடித் தகடு ஒன்றை இரண்டு கற்களின்மேல் வைத்து மற்றொரு கல்லால் அடித்தார், அது உடையவில்லை. அடுத்து ஒரு மதுக்கோப்பையை எடுத்து, விழித்திருக்கும்போது இப்படிச் செய்வது எவ்வளவு ஆபத்து என்ற நினைப்போடே, முழு வலிமையையும் கூட்டிக் கையை மடக்கிக் குத்தினார். கோப்பை அப்படியே இருந்தது. சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது அது உடைந்து கிடந்தது. மேடையில் தன் முறை வந்ததைக் கவனிக்கத் தவறிய நடிகரைப் போல, உடைய வேண்டியது கொஞ்சம் பிந்தி உடைந்தது என்று அவர் எழுதிவைத்தார். சில்லுகளைச் சன்னல் வழியே வெளியே எறிந்தார். அவை விழும் ஓசை கேட்டது. அதற்கு மிரண்டு இரண்டு நாய்கள் ஓடுவதும் தெரிந்தது. பிறகு மதுவைச் சுவைத்துப் பார்த்து, கனவிலும் அதற்கு மதுவின் சுவையே இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

கனவு காணும்போதே அது கனவென்று அறிந்திருக்கும் இந்த நிலைக்கு 'லூசிட் டிரீம்' என்ற பெயரை 1913 இல் வெளியிட்ட ஆய்வுரையில் நிலைநாட்டியவர் வான் ஈடன்தான். தமிழில் இதற்கு இன்னும் ஒரு சொல் முழுமையாக வேரூன்றவில்லை. தெளிகனவு என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நனவு, கனவு என்று ஓரெழுத்து மட்டுமே வேறுபடும் இரண்டு சொற்கள் நம்மிடம் உள்ளன. இந்த நிலை அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் நிற்கிறது. தூங்கும்போது, 'நீ காண்பது கனவே' என்று உள்ளத்தில் ஏதோ ஒன்று சொல்வதுண்டு என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ஆகவே அனுபவம் பழையது. அரை நூற்றாண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் தெளிகனவு கண்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 விழுக்காட்டினர்.

அந்தத் தெளிவு பிறக்கும் கணத்தைப் பற்றிக் கூறுபவர்கள் பெரும்பாலும் ஒரு முரண்பாட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். இறந்துபோன பாட்டி அடுப்படியில் நிற்கிறார். படித்து முடித்துப் பல ஆண்டுகளாகியும் தேர்வறையில் உட்கார்ந்திருக்கிறோம். சாதாரணக் கனவில் இவற்றையெல்லாம் நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். எப்போதாவது ஒருமுறை, 'இது எப்படி நடக்கும்?' என்ற கேள்வி எழுந்து, அதற்குரிய விடையும் உடனே வந்துவிடுகிறது. விடை வந்தவுடன் காட்சி மங்கிவிடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். பலர் சொல்வது இதற்கு நேர்மாறானது: நிறங்கள் கூர்மையடைகின்றன, காலடியில் தரையின் சொரசொரப்பு தெரிகிறது, உள்ளத்தில் காரணமற்ற ஒரு பூரிப்பு எழுகிறது. முதன்முறையாகக் காண்பவர்களுக்கு இந்தப் பூரிப்பே எதிரியாகிவிடுகிறது. மகிழ்ச்சியின் வேகத்தில் உறக்கம் கலைந்து, சில நொடிகளிலேயே அவர்கள் கட்டிலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இவையெல்லாம் விழித்த பின்னர் சொல்லப்படும் கதைகள்தாமே, உண்மையில் அவர்கள் இடையிடையே விழித்துக்கொண்டு அதைக் கனவென்று மயங்குகிறார்களோ என்ற ஐயம் அறிவியலாளர்களிடையே நெடுங்காலம் நிலவியது. அதைத் தீர்ப்பதற்கு வழிகாட்டியது உறக்கத்தின் ஒரு விசித்திரமான அமைப்பு. 1953 இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள், மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசையும் விரைவிழியசைவு உறக்கத்தைக் கண்டறிந்தனர். உயிரோட்டமுள்ள கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. அப்போது மூளைத்தண்டிலிருந்து இறங்கும் கட்டளைகள் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை அடக்கிவைப்பதால், கனவில் எவ்வளவு ஓடினாலும் கால்கள் அசைவதில்லை. ஆனால் மூச்சை நடத்தும் உதரவிதானமும் கண்களைத் திருப்பும் தசைகளும் இந்தத் தடையிலிருந்து தப்பிவிடுகின்றன. பூட்டிய வீட்டில் ஒரு சன்னல் மட்டும் திறந்திருப்பதைப் போன்ற நிலை இது. கனவு காண்பவர் கனவுக்குள் இடமும் வலமுமாகப் பார்த்தால், கட்டிலில் கிடப்பவரின் மூடிய இமைகளுக்குள்ளும் விழிகள் அவ்வாறே அசைய வேண்டும்.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் இதைச் சோதித்துப் பார்த்தார். 1975 ஏப்ரல் 12 காலையில், ஆலன் வொர்ஸ்லி என்பவர் தாம் கனவு காண்பதை உணர்ந்து, முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமுமாக மாறி மாறித் திருப்பினார். விரைவிழியசைவு உறக்கத்தில் விழிகள் ஒழுங்கின்றித் துடிப்பதால், பதிவுத் தாளில் கோடுகள் கிறுக்கலாகவே ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கிறுக்கலின் நடுவே, யாரோ வேண்டுமென்றே போட்டதைப் போன்ற அகன்ற, சீரான அலைகள் வரிசையாக எழுந்தன. தசைகள் தளர்ந்தே இருந்தன. மூளை மின்னலைகள் உறக்கத்தையே காட்டின. சில ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லாபெர்ஜ், ஹெர்னின் முயற்சியை அறியாமலேயே அதே வழியைக் கண்டு, 1981 இல் முடிவுகளை வெளியிட்டார். அன்றிலிருந்து இத்துறையில் கண்ணசைவுக் குறியே சான்றாக ஏற்கப்படுகிறது.

கனவில் ஒன்றைப் பார்ப்பது, கற்பனை செய்வதைப் போன்றதா அல்லது உண்மையாகப் பார்ப்பதைப் போன்றதா என்ற கேள்விக்கும் கண்களே விடை சொல்லின. விழித்திருக்கும்போது உங்கள் கட்டைவிரலை முகத்துக்கு முன்னே நீட்டி, காற்றில் ஒரு வட்டம் வரைந்து, விரல்நுனியைக் கண்களால் பின்தொடருங்கள். விழிகள் வழுக்கிக்கொண்டு சீராக நகரும். இப்போது கண்களை மூடி, அதே வட்டத்தை மனத்தில் மட்டும் வரைந்து பின்தொடரப் பாருங்கள். எவ்வளவு முயன்றாலும் விழிகள் வழுக்காமல் சிறுசிறு தாவல்களாகவே நகரும். நகரும் பொருள் ஒன்று பார்வையில் இல்லாமல் அந்தச் சீரான ஓட்டத்தை நம்மால் எளிதில் வரவழைக்க முடியாது. லாபெர்ஜும் உடன் ஆய்வாளர்களும் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், தெளிகனவு காண்பவர்கள் கனவிலேயே இப்படி விரலால் வரைந்து பின்தொடர்ந்தனர். அவர்களுடைய விழிகள் தாவவில்லை, வழுக்கின. கண் இமைகள் மூடியிருக்க, எதிரே விரல் என்று எதுவுமே இல்லாதிருக்க, மூளை தான் படைத்த விரலை உண்மையான விரலாகவே கருதிப் பின்தொடர்ந்திருக்கிறது. தெளிகனவு காண்பவர்கள் 'அது நிஜம் போலவே இருந்தது' என்று சொல்லும்போது மிகைப்படுத்துவதாக நினைத்தவர்கள், இந்த ஒரு சோதனைக்குப் பிறகு சற்றுப் பொறுத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலமும் அங்கே நாம் நினைக்கும் அளவுக்கு உருமாறுவதில்லை. கனவில் பத்து நொடிகளை எண்ணி, தொடக்கத்திலும் முடிவிலும் கண்ணசைவுக் குறி தருமாறு லாபெர்ஜ் கேட்டபோது, எண்ணுவதற்கு ஆன நேரம் விழிப்பில் ஆவதை ஏறக்குறைய ஒத்திருந்தது. ஒரு நொடியில் ஓர் ஆயுளே கனவாய் ஓடிவிடும் என்ற நம்பிக்கைக்கு இது ஆதரவளிக்கவில்லை. ஆனால் ஜெர்மனியில் டேனியல் எர்லாக்கரும் மைக்கேல் ஷ்ரெட்லும் கனவிலேயே உட்கார்ந்து எழும் பயிற்சியைச் செய்யச் சொன்னபோது, அதற்கு விழிப்பில் ஆவதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. முயற்சிக்கும் விளைவுக்கும் இடையே விழும் இந்தத் தாமதத்தைப் பார்க்கும்போது எனக்கு வான் ஈடனின் கோப்பைதான் நினைவுக்கு வருகிறது.

அந்தக் கோப்பை ஏன் உடனே உடையவில்லை? விழித்திருக்கும்போது குத்துவது மட்டுமே நம் வேலை. உடைவதைக் கண்ணாடியும் இயற்பியலும் பார்த்துக்கொள்கின்றன, அதன் காட்சியும் ஓசையும் புலன்கள் வழியே தாமாக வந்து சேர்கின்றன. கனவில் அத்தகைய உதவி எதுவும் இல்லை. குத்தும் கை, கோப்பை, சில்லுகள், ஓசை, ஓடும் நாய்கள் என அனைத்தையும் நினைவுகளையும் எதிர்பார்ப்பையும் கொண்டு ஒரே மூளைதான் புனைய வேண்டும். 'இது உடையுமா?' என்ற ஐயத்தோடு குத்தியவருக்கு அந்த ஐயமே முதலில் காட்சியாகிவிட்டது என்று கொள்ள இடமுண்டு. மின்விளக்குச் சுவிட்சைப் போட்டாலும் அறை வெளிச்சமாவதில்லை என்று பலர் சொல்வதை 1981 இல் ஹெர்ன் ஆராய்ந்தார். கனவுக் காட்சியின் ஒளியளவைத் திடீரென்று உயர்த்த மூளையால் முடிவதில்லை என்பது அவர் கருத்து. எழுத்துகளின் கதையும் இதுவே. ஒரு பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, பார்வையை விலக்கி மீண்டும் படித்தால், சொற்கள் பெரும்பாலும் மாறியிருக்கும். ஏனெனில் பலகையை அங்கே அப்படியே வைத்திருக்க வெளியுலகம் என்று எதுவும் இல்லை, ஒவ்வொரு முறையும் அது புதிதாக எழுதப்பட வேண்டியிருக்கிறது.

இதனால்தான், கனவென்று தெரிந்துவிட்டால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. அறிவது வேறு, ஆள்வது வேறு. பறக்க வேண்டுமென்று எண்ணி இரண்டடி உயரத்திலேயே தொங்கியவர்களும், கெட்ட கனவு என்று தெரிந்தும் துரத்துபவனை விரட்ட முடியாமல் ஓடியவர்களும் உண்டு. கனவிலுள்ள மற்ற மனிதர்கள் நம்மோடு வாதாடுகிறார்கள். 'நீ என் கனவு' என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். அறிவும்கூட முழுமையாக வருவதில்லை: இது கனவென்று உறுதியாகத் தெரிந்துகொண்டே, கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிச் சுவரைப் பிடித்துக்கொள்வோம்.

இந்த அரைகுறைத் தன்மைக்குக் காரணம், மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் உறங்குவதில்லை என்பதே. விரைவிழியசைவு உறக்கத்தில் காட்சியையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்க, சீர்தூக்கிப் பார்ப்பதற்கு வேண்டிய முன்மூளைப் புறணியின் சில பகுதிகள் ஓய்ந்திருக்கின்றன. 2012 இல் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் ஜெர்மனியில் எடுத்த காந்த அதிர்வு வரைபடத்தில், தெளிவு பிறந்தபோது இந்தப் பகுதிகள் உயிர்பெறுவது தெரிந்தது; ஆயினும் அது ஒரே ஒருவரிடமிருந்து கிடைத்த பதிவு. தெளிகனவின்போது நெற்றிப்புறத்தில் நொடிக்கு 40 முறை அதிரும் மின்னலைகள் எழுகின்றன என்று 2009 இல் வெளியான முடிவு பெரிதும் பேசப்பட்டது. அந்த அலைகளில் எவ்வளவு மூளையிலிருந்து வந்தது, எவ்வளவு கண்தசைகளின் துடிப்பிலிருந்து வந்தது என்ற கேள்வி பின்னர் எழுந்து, இன்னும் முழுதாக அடங்கவில்லை.

2021 இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. உறங்குபவரிடம் கேள்வி கேட்டு, கனவிலிருந்தே விடை பெறுவதுதான் நோக்கம். 36 பேர் பங்கேற்றனர். 'எட்டிலிருந்து ஆறு போனால் எவ்வளவு?' என்று உறங்கும் இளைஞர் ஒருவரிடம் மெல்லிய குரலில் கேட்டபோது, அவருடைய விழிகள் இடமும் வலமுமாக இரண்டு முறை அசைந்தன. 158 முயற்சிகளில் சரியான விடை கிடைத்தவை 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டின. பெரும்பாலான முறை எந்த விடையும் வரவில்லை. எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது, அந்தக் கேள்விகள் கனவுக்குள் நுழைந்த விதம். ஒருவருக்கு அது வானொலியிலிருந்து வரும் குரலாகக் கேட்டது. இன்னொருவருக்குத் திரைப்படத்தின் பின்னணியில் கதை சொல்பவரின் குரலாகக் கேட்டது. வெளியிலிருந்து வந்த ஓசைக்கும் கனவு தன் காட்சிக்குள் ஓர் இடம் தேடிக் கொடுத்திருக்கிறது. சரியாக விடை சொன்ன சிலர், விழித்தபின் வேறொரு கணக்கைக் கேட்டதாக நினைவுகூர்ந்தனர்.

தெளிகனவை வரவழைக்கும் முறைகள் பல. உறுதியானது எதுவும் இல்லை. விரைவிழியசைவு உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து, விடியலை நெருங்க நெருங்க நீள்வதால், பின்னிரவில் எழுந்து, சற்று விழித்திருந்து, 'அடுத்த கனவில் இது கனவென்று நினைவுகொள்வேன்' என்ற தீர்மானத்தோடு மீண்டும் உறங்குவதே ஓரளவு பலன் தருகிறது. அல்சைமர் நோய்க்குத் தரப்படும் கேலன்டமின் என்ற மருந்து தெளிகனவைக் கூட்டுகிறது என்று 2018 இல் 121 பேரிடம் நடந்த சோதனை காட்டியது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடுவது மடமை. கனவு மங்கத் தொடங்கும்போது கைகளைத் தேய்த்துக்கொள்வதும், நின்ற இடத்தில் சுழல்வதும் அதை நீட்டிக்கின்றன என்பது பயில்பவர்களின் அனுபவம்; கனவுடலின் உணர்வில் கவனம் நிறைந்திருக்கையில் கட்டிலில் கிடக்கும் உடலின் பக்கம் கவனம் போவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

வெளியேறும் வழியிலும் சில பொறிகள் உள்ளன. எழுந்து, பல் துலக்கி, சட்டை மாட்டிய பிறகே இதுவும் கனவு என்று தெரியவரும் பொய்விழிப்பு ஒன்று. மனம் விழித்துவிட, தசைகளின் பூட்டு மட்டும் சில நொடிகள் திறக்காமல் இருப்பது இன்னொன்று. நம் ஊர்களில் அமுக்குவான் பேய் என்று அஞ்சப்படுவது இந்த உறக்க முடக்கமே.

மெல்ல வெளியேறுவது எப்படி இருக்கும் என்பதையும் வான் ஈடனே சொல்லியிருக்கிறார். 1898 சனவரியில் கண்ட கனவொன்றில் அவர் தோட்டத்தில் குப்புறப் படுத்து, தம் படிப்பறைச் சன்னல் கண்ணாடியின் அப்பால் தெரிந்த தம் நாயின் கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில், தாம் கட்டிலில் மல்லாந்து கிடப்பதும் அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. மார்பின்மேல் படுத்திருக்கும் உணர்வு, முதுகின்மேல் படுத்திருக்கும் உணர்வாக மாறுவதைக் கவனிக்க வேண்டுமென்று தீர்மானித்து, அவசரமில்லாமல் விழித்தார். ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குள் வழுக்கிச் செல்வதைப் போல இருந்தது என்றும், முடிந்த பின்னரும் குப்புறக் கிடந்தது, மல்லாந்து கிடந்தது ஆகிய இரண்டும் ஒருசேர நினைவில் நின்றன என்றும் அவர் பதிவுசெய்தார்.