லெட்டூஸ் நாற்று வெளுத்தால் முதலில் வேரைப் பாருங்கள்

நாற்றங்கால் ஆலோசனைக்குப் போகும் இடங்களில் லெட்டூஸ் பற்றி அடிக்கடி வரும் கேள்வி, "நாற்று வளரவே மாட்டேங்குது, என்ன உரம் போடலாம்?" என்பதுதான். குழித்தட்டிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தால், பல நேரம் வேர் நுனி பழுப்பேறிக் கருகியிருக்கும். ஊடகத்தில், அதாவது தட்டில் நிரப்பும் நார்க்கழிவு போன்ற கலவையில், உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அந்த நிலையில் மேலும் உரம் ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் போய்விடும்.

லெட்டூஸ் உப்பைத் தாங்காத பயிர். வயலில் வளர்ந்த செடிக்கே உப்பின் அளவைக் காட்டும் மண்சாறின் மின்கடத்துத்திறன், அதாவது ஈசி, மீட்டருக்கு 1.3 டெசிசீமென்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். முளைத்து நாலு நாளான நாற்றைச் சொல்லவே வேண்டாம்.

இந்த உப்பு பல நேரம் ஊடகத்திலிருந்தே வருகிறது. கழுவாத தென்னை நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் இருக்கும். வடியும் நீரின் ஈசி 0.5 அளவுக்கு இறங்கும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து மறுபடி அலசினால், நாரில் ஒட்டியிருந்த சோடியம் விலகி அந்த இடத்தில் கால்சியம் அமரும். இதைச் செய்யாவிட்டால், பிறகு நாம் கொடுக்கும் கால்சியத்தை நாரே பிடித்து வைத்துக்கொள்ளும்.

மண்புழு உரம் நல்லதுதான். ஆனால் அதிலும் உப்பு உண்டு. கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அம்மோனியா நெடி அடிக்கும் அரைகுறை கம்போஸ்ட்டை விதைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

சரி, உரம் எப்போது? வித்திலை மட்டும் இருக்கும்வரை விதையின் சேமிப்பே போதும். முதல் அசல் இலை விரிந்தபின் லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லிகிராம் தழைச்சத்தில் (நைட்ரஜன்) தொடங்கி, மெல்ல 100 வரை போகலாம். அதில் பெரும்பகுதி நைட்ரேட்டாக இருக்கட்டும். குளிர்ந்த, ஈரமான ஊடகத்தில் அம்மோனியம் சேர்ந்தால் வேரைத் தாக்கும். ஊடகத்தின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. தழைச்சத்து கூடினால் இலை கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வேர் அதற்கு ஈடாக வளராது, நட்டதும் துவண்டுவிடும். இப்படித் தளதளவென்று இருக்கும் நாற்றைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

வேர் வெள்ளையாக இருந்து, கீழிலைகள் ஒரே சீராக வெளுத்தால் அது நிஜமான பசி. அப்போது உரம் கொடுங்கள். வேர் கருகியிருந்தால் வெறும் தண்ணீரை நன்றாக வடியும்படி ஊற்றி உப்பைக் கழுவிவிட்டு, சில நாள் உரத்தை நிறுத்துங்கள். கருகிய இலை மீளாது. புதிதாக வரும் நடு இலை எப்படி இருக்கிறது என்பதை வைத்தே அடுத்த உரத்தை முடிவு செய்யுங்கள்.