நச்சுயிரி வேண்டாம், தீநுண்மி போதும்

வைரஸைத் தமிழில் சிலர் நச்சுயிரி என்கிறார்கள், சிலர் தீநுண்மி என்கிறார்கள். எனக்குத் தீநுண்மிதான் சரி. போன மாதம் காங்கேயம் பக்கம் ஒரு கால்நடை முகாமுக்குப் போயிருந்தேன். "கோமாரி ஒரு நச்சுயிரி நோய்" என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வரிசையில் மாட்டைப் பிடித்து நின்ற ஓர் ஆத்தா என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, நஞ்சுங்கறாங்களே? எங்க மாடு சோளக்காட்டுப் பக்கமே போவலையே!"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரை மேய்ந்தால் மாட்டின் வயிற்றில் சயனைடு உண்டாகும். மூச்சுத் திணறிக் கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும். மானாவாரிக் காட்டில் மாடு வளர்ப்பவர்களுக்கு நஞ்சு என்றால் அதுதான். தின்ற மாட்டோடு அது முடிந்துவிடும், பக்கத்துக் கட்டுத்தரைக்குத் தாவாது. கோமாரியோ ஒரு மாட்டின் எச்சிலிலிருந்து ஊரையே பிடிக்கும். நச்சு என்று கேட்டவர் மாடு எதைத் தின்றது என்று தேடுவாரே தவிர, நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்ட நினைக்க மாட்டார்.

சொல் வந்த வழி சுருக்கமானது. இலத்தீனில் வைரஸ் என்றால் நஞ்சு, பிசுபிசுத்த நீர். சமஸ்கிருத 'விஷ'மும் அதே வேரில் பிறந்ததுதான். நச்சுயிரி என்று ஆக்கியவர்கள் அகராதியின் அந்த முதல் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அது நஞ்சில்லை என்று காட்டியதில்தான் இந்தத் துறையே தொடங்குகிறது. 1898இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கோமாரி கண்ட மாட்டின் கொப்புள நீரை, பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். வடித்த நீரும் கன்றுக்கு நோய் தந்தது. அந்தக் கன்றின் நீர் அடுத்த கன்றுக்கு, அதன் நீர் அதற்கடுத்ததற்கு. வெறும் நஞ்சாக இருந்தால் இத்தனை முறை நீர்த்தபின் வலு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே உள்ளே இருப்பது பெருகுகிறது என்றார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான். அதன் பெயரிலேயே நச்சை ஒட்டவைத்தால், அவர்கள் மறுத்ததையே நாம் திரும்பச் சொல்கிறோம்.

ஆங்கிலேயக் கால்நடை அறிவியலாளர் வால்டர் பிளௌரைட்டின் வாழ்நாள் வேலையும் இதைத்தான் சொல்கிறது. கென்யாவின் முகுகாவில், நம் பெரியவர்கள் வெக்கை என்று நடுங்கிய மாட்டு நோயின் (ரிண்டர்பெஸ்ட்) வைரஸைக் கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, சாதுவாக்கித் தடுப்பூசி ஆக்கினார். 1999இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2011இல் வெக்கை உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். நஞ்சை இப்படி வளர்த்துப் பழக்க முடியுமா?

அப்புறம் 'உயிரி'. வைரஸ் தின்பதில்லை, மூச்சு விடுவதில்லை, இன்னோர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதை உயிர் என்பதா என்று அறிஞர்களுக்குள் இன்னும் பேச்சு இருக்கிறது. நுண்மி என்றால் அந்த வழக்கு எழாது, நுண்ணியது என்பதோடு நிற்கும். தீ என்றால் நெருப்பு என்று நினைக்க மாட்டார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். தீவினை, தீநட்பு எல்லாம் குறளில் இருக்கின்றனவே, யாரும் நெருப்பைத் தேடியதில்லை. பாக்டீரியாவை மட்டும் அழிக்கும் வைரஸ்கள் உண்டு, அவற்றுக்குத் 'தீ' பொருந்தாது என்பது சரிதான். ஆனால் கட்டுத்தரையில் நாம் பேசுவது நோய் தருபவற்றைப் பற்றி.

கிருமி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சமஸ்கிருதத்தில் புழு. அதிலும் 'நச்சுக்கிருமி' என்றால் பாக்டீரியாவும் வைரஸும் ஒன்றாகிவிடும். பாக்டீரியாவுக்கான ஊசியைக் கோமாரிக்குப் போட்டால் வைரஸ் சாகாது என்பதை எப்படிப் புரியவைப்பது?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு வருத்தம் இந்தச் சொல்லோடு முடியவில்லை. கோமாரி என்ற நல்ல பெயர் இருக்க, 'கால் மற்றும் வாய் நோய்' என்று எழுதுகிறார்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் என்று நாமக்கல்லில் எல்லாருக்கும் தெரியும். 'ராணிக்கெட் நோய்' என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், எங்கோ வடக்கே இருக்கும் ஒரு மலையூரின் பெயரை வைத்து இங்கே யார் கோழியைக் காப்பாற்றுவது? எங்கள் ஊர் பால் சொசைட்டிப் பலகையில் இப்போது 'கோமாரி: தீநுண்மி நோய், தொற்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி' என்று நானே எழுதிவைத்திருக்கிறேன்.